தோற்றது கோட்டில் அல்ல

கேள்வி:

கொளத்தூரில் இருக்கிறோம். என் மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். 400 மீட்டர் ஹர்டில்ஸ் ஓடுகிறாள். போன மாதம் மாநில அளவிலான போட்டியில் 64.38 நொடியில் நான்காவதாக வந்தாள். மூன்றாவதாக வந்த பெண்ணுக்கு 64.34. தடை இல்லாத 400 மீட்டரை, கோச்சின் ஸ்டாப்வாட்ச்சில் 58.5 நொடியில் ஓடியிருக்கிறாள். தோற்ற நாளிலிருந்து பி.டி. உஷாவின் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, “அவங்களுக்கும் இப்படித்தான் போச்சு, நான் விடமாட்டேன்” என்று வெறியாகப் பயிற்சி செய்கிறாள். கோச் காலை, மாலை இரண்டு வேளையும் வரச் சொல்கிறார். எடையை இரண்டு கிலோ குறைக்கச் சொன்னார். 49 கிலோ இருந்தவள் இப்போது 46. இரவில் சோறு தொடுவதில்லை. நான்கு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. இடது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கிறது என்கிறாள். “ஓடுற பொண்ணுங்களுக்கு அப்படித்தான் இருக்கும்” என்கிறார் கோச். பள்ளியை விட்டு ஓப்பன் ஸ்கூலில் சேர்க்கலாம் என்றும் சொல்கிறார். மாமியாரோ ஓட்டமே வேண்டாம் என்கிறார். உஷாவின் வாழ்க்கையிலிருந்து இவள் கற்க வேண்டியது விடாமுயற்சிதானே? நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உஷாவைப் பற்றிப் பிறகு பேசலாம். எலும்பு வலியும் நின்றுபோன மாதவிலக்கும் ஒரே கடிதத்தில் வந்திருக்கின்றன. நாளையிலிருந்து ஓட்டத்தையும் குதிப்பையும் நிறுத்திவிடுங்கள். டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை வார்ம்-அப் ஓட்டம்கூட வேண்டாம்.

வலிக்கும் இடத்தை ஒரு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். எலும்பின் உள் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால், பெரும்பாலும் சதை ஒட்டியிருக்கும் பகுதியின் வீக்கம், ஓய்வில் அடங்கிவிடும். ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரே இடத்தில் சுரீரென்று வலித்தாலோ, இரவில் படுத்த பிறகும் வலி இருந்தாலோ, எலும்பில் மயிரிழை விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். “எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டால் நிம்மதியடைந்து விடாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். எம்.ஆர்.ஐ. தேவையா என்று எலும்பு டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். விரிசல்தான் என்றால் சாதாரணமாக ஆறு முதல் எட்டு வாரம் ஓட முடியாது. எலும்பின் முன்பக்க விளிம்பில் இருந்தால் இன்னும் நீளும். அதை மறைத்துக்கொண்டு ஓடினால் முழு முறிவாகி ஒரு வருடம்கூடப் போகலாம்.

மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு மேல் வராவிட்டால் மகப்பேறு டாக்டரைப் பார்ப்பது கட்டாயம். “ஓடுற பொண்ணுங்களுக்கு அப்படித்தான்” என்ற பேச்சை மைதானங்களில் அடிக்கடி கேட்கலாம். அது தவறு. ஓடுவதால் மாதவிலக்கு நிற்பதில்லை. ஓடும் அளவுக்குச் சாப்பிடாததால் நிற்கிறது. வரும் சக்தி போதவில்லை என்றால், உடல் உடனடித் தேவையில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். அதில் முதலில் போகிறவற்றில் இதுவும் ஒன்று. கூடவே பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையும், அது குறைந்தால் எலும்பு இளைக்கும். வாழ்நாள் முழுவதற்குமான எலும்பைச் சேர்த்துவைக்கிற வயது இது. ஆக எலும்பு வலி, நின்ற மாதவிலக்கு, குறைந்த எடை மூன்றுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு, புரோலாக்டின், வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வார்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. அது 12க்கு மேல் இருந்தும் இரும்புச்சத்தின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 30க்குக் கீழே கிடக்கும் பெண்கள் நிறையப் பேர். கர்ப்பப் பரிசோதனையும் கேட்பார்கள். மாதவிலக்கு நின்று வரும் எல்லோருக்கும் செய்கிற நடைமுறை அது. பதறவும் வேண்டாம், மகளை ஒரு மாதிரியாகப் பார்க்கவும் வேண்டாம். ஹார்மோன் மாத்திரையால் ரத்தப்போக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நினைக்காதீர்கள். அது மாத்திரையின் வேலை. சாப்பாடு சரியாகித் தானாக வரவேண்டும்.

அந்தச் சாப்பாட்டில்தான் உஷா வருகிறார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் 400 மீட்டர் ஹர்டில்ஸ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. இறுதிப்போட்டியில் உஷா 55.42, ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜோகாரு 55.41. நூறில் ஒரு நொடியில் வெண்கலம் போனது. நாற்பது வருடமாக எல்லோரும் பேசுவது, முடிவுக் கோட்டில் அவர் மார்பை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கலாம் என்பதைத்தான். பின்னாளில் உஷாவே ஒரு பேட்டியில் சொன்னது வேறு. ஒலிம்பிக் கிராமத்தில் நம் சாப்பாடு கிடைக்கவில்லை, கஞ்சியும் ஊறுகாயும்தான் சாப்பிட்டேன், கடைசி 35 மீட்டரில் உடம்பில் தெம்பு நிற்கவில்லை என்றார்.

அவர் ஓடிய வேகத்தில் நூறில் ஒரு நொடி என்பது ஏழு சென்டிமீட்டர், நான்கு விரல் அகலம். அதைக் கோட்டில் தேடினால் மார்பைத் தள்ளுவது மட்டுமே கண்ணில் படும். ஓடிய ஆளைக் கேட்டால் சாப்பாட்டுத் தட்டைக் காட்டுகிறார். அந்த இறுதிப்போட்டியில் துப்பாக்கி வெடிக்கும் முன்பே ஒருவர் கிளம்பியதால் ஃபால்ஸ் ஸ்டார்ட் ஆகி, மறுபடி கிளம்பியபோது அவருடைய தாளம் கெட்டதாகவும் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் முதல் தடைக்கு முன்பே கொஞ்சம் போயிருக்கிறது. தோல்வி எங்கே தெரிந்தது என்பது ஒன்று, எங்கே நடந்தது என்பது இன்னொன்று. உங்கள் மகள் சுவரில் ஒட்டிய படத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதை. விடாமுயற்சி அவளிடம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது.

அவளுடைய ஒரு நாளைக் கணக்கிடுங்கள். அதிகாலை ஐந்து மணிக்கு ஒரு டம்ளர் டீயோடு கிளம்பினால், இரண்டு மணி நேரப் பயிற்சி முடித்து, பஸ் பிடித்துப் பள்ளிக்குப் போய், இடைவேளையில்தான் இட்லி டப்பாவைத் திறப்பாள். முந்தின இரவும் சோறில்லை. 46 கிலோ உடலுக்கு, இரண்டு மணி நேரப் பயிற்சியோடு, ஒரு நாளைக்குச் சுமார் 2,300 கலோரி வேண்டும். 1,800க்குக் கீழே இறங்கினால் இப்போது நடந்திருப்பது நடக்கும். மீண்டும் பயிற்சி தொடங்கும்போது, கிளம்பும் முன் ஒரு வாழைப்பழமும் நான்கு பேரீச்சையும் கொடுங்கள். பயிற்சி முடிந்த அரை மணிக்குள் இரண்டு அவித்த முட்டையும் ஃபிளாஸ்கில் சத்துமாவுக் கஞ்சியும். பஸ்ஸில் குடித்தாலும் சரி. மாலையில் ஒரு கப் சுண்டல், கடலை உருண்டை. இரவில் சோறு கட்டாயம். கூட மீனோ பருப்போ, கடைசியில் தயிர். புரதம் நாளுக்கு 70 கிராம் அளவுக்கு வரவேண்டும். ஒரு முட்டையில் ஆறு, ஒரு கப் சுண்டலில் பதினான்கு, நூறு கிராம் மீனில் இருபது என்று கூட்டிப் பார்த்தால் எட்டக்கூடிய அளவுதான். டீ, காபியைச் சாப்பாட்டோடு கொடுக்காதீர்கள், இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். இரும்பு மாத்திரை டாக்டர் சொன்ன அளவில் மட்டும். குறைந்த மூன்று கிலோ திரும்ப வந்தால் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. வீட்டில் எடை மெஷின் இருந்தால் எடுத்து உள்ளே வையுங்கள்.

இனி அவள் மூன்றாவது இடத்தை இழந்த அந்த நூறில் நான்கு நொடி. கடைசி 40 மீட்டரில் அவள் வேகம் நொடிக்கு ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அப்படியானால் மூன்றாவது இடத்துக்கும் அவளுக்கும் இடையில் ஒரு சாண் தூரம். இதற்காக மாலையில் இன்னொரு பயிற்சி சேர்ப்பது தவறான மருந்து என்று அவளுடைய இரண்டு நேரங்களே சொல்கின்றன. கையால் எடுத்த 58.5 என்பது எலெக்ட்ரானிக் கணக்கில் சுமார் 58.64, 400 மீட்டருக்கு 0.14 கூட்டிக்கொள்ள வேண்டும். ஹர்டில்ஸ் 64.38. வித்தியாசம் 5.74 நொடி. உஷாவின் சிறந்த 400 மீட்டர் நேரம் 51.61, ஹர்டில்ஸ் 55.42, வித்தியாசம் 3.81. உலகத்தரப் பெண்களுக்கு மூன்றையொட்டி வரும். இந்த வயதில் நாலரை நொடி இருந்தால் நல்லது. அவளிடம் ஒரு நொடிக்கும் மேல் தடைகளுக்கு இடையில் கொட்டிக் கிடக்கிறது. காலில் தெம்பைக் கூட்டி அதை அள்ள முடியாது, அடிக்கணக்கை, அதாவது தடைகளுக்கு இடையே எத்தனை எட்டு வைக்கிறாள் என்பதைத் திருத்தித்தான் அள்ள வேண்டும்.

எங்கே கொட்டுகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு ஃபோன் போதும். அந்தப் போட்டியின் வீடியோ யாரிடமாவது இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால், அவள் தேறி வந்தபின் கேலரியின் மேல்படியிலிருந்து, முழு ட்ராக்கும் தெரிய, நொடிக்கு 60 ஃபிரேமில் எடுங்கள். துப்பாக்கிப் புகை தெரியும் ஃபிரேமைப் பூஜ்யமாக வைத்து, ஒவ்வொரு தடையையும் தாண்டி முதல் கால் தரையைத் தொடும் நேரத்தை எழுதுங்கள். சத்தத்தை வைத்துக் கணக்கிட வேண்டாம். நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால் ஒலி வந்து சேரவே 0.3 நொடி ஆகிவிடும்.

63 நொடிக்கு ஓட ஒரு நல்ல வரிசை இப்படி இருக்கும்: முதல் தடைக்கு 7.0. பிறகு தடைக்குத் தடை 5.0, 5.1, 5.2, 5.4, 5.5, 5.6, 5.7, 5.8, 5.9. கடைசி 40 மீட்டர் 6.8. கவனியுங்கள், ஒவ்வொரு இடைவெளியும் 0.1, மிஞ்சினால் 0.2 கூடுகிறது. களைப்பு இப்படித்தான் படிப்படியாக ஏறும். அவளுடைய வரிசையில் எங்காவது 0.3க்கு மேல் ஒரே தாவாகத் தாவியிருந்தால், அங்கே நடந்தது களைப்பு மட்டுமல்ல. தடைக்கு முன்னால் கால் தடுமாறிச் சின்னச் சின்ன அடியாக மிதித்திருக்கிறாள். பெரும்பாலும் ஆறாவது அல்லது ஏழாவது தடையில் இருக்கும். அந்த ஒரு தடுமாற்றத்தின் விலை 0.2 முதல் 0.3 நொடி, அவள் இழந்த 0.04ஐப் போல ஐந்து முதல் ஏழு மடங்குக்கு மேல்.

ஏன் அங்கே என்றால், இரண்டு தடைகளுக்கு இடையே 35 மீட்டர். தாண்டும் பாய்ச்சலுக்குச் சுமார் 3 மீட்டர் கழிந்தால் ஓட மிஞ்சுவது 32. அதை 17 அடியில் முடிக்க ஒவ்வொரு அடியும் 1.88 மீட்டர் விழவேண்டும். முதல் ஐந்து தடை வரை விழும். கால் கனக்கத் தொடங்கியதும் 1.78 ஆகச் சுருங்கும். அது 18 அடிக்கான நீளம். ஆனால் அடி எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் எப்போதும் ஒரே கால் முன்னே போகும், இரட்டைப்படை என்றால் கால் மாறி வரும். ஒரு காலால் மட்டும் தாண்டத் தெரிந்த பெண்ணால் 18 ஓட முடியாது. 17ஐ இழுத்துப் பிடிப்பாள், முடியாதபோது 19க்கு விழுவாள். இழுத்துப் பிடிப்பதில் வேகம் போகும், 19ல் இன்னும் போகும்.

ஆகவே அவள் கற்க வேண்டியது மறுகால், அதாவது பழகாத இன்னொரு காலை முன்னே விட்டுத் தாண்டுவது. வாரம் இரண்டு நாள், உடம்பு புதிதாக இருக்கும்போது, பயிற்சியின் ஆரம்பத்தில். முதல் இரண்டு வாரம் 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாத ஐந்து தடைகளை மறுகாலை முன்னே விட்டு நடந்தே தாண்டட்டும், பிறகு மெல்லோட்டத்தில். அடுத்து 76.2 சென்டிமீட்டரில், மூன்று தடைகளை 33.5 மீட்டர் இடைவெளியில் வைத்து, 18 அடியில், ஆறு முறை. ஒவ்வொன்றுக்கும் இடையே மூச்சு முழுதாக அடங்கும் வரை ஓய்வு. ஓய்வைக் குறைத்து ‘ஸ்டாமினா’வும் சேர்த்துப் பார்க்கலாம் என்று கோச்சுக்குக் கை அரிக்கும். விடாதீர்கள், களைத்த காலுக்குப் புதுப் பழக்கம் ஏறாது. கடைசியாக 35 மீட்டருக்கு நகர்த்தி, ஐந்தாவது தடை வரை 17, அதன்பின் 18 என்று முன்கூட்டியே முடிவுசெய்து ஓடவேண்டும். தடை வரும்போது யோசிப்பதுதான் தடுமாற்றம். மொத்தம் எட்டு வாரம் பிடிக்கும். சென்னையில் இன்னொன்றும் உண்டு: காலை ஐந்தரை மணிக்குக் காற்றில்லாத ட்ராக்கில் சரியாக விழுந்த 17, பிற்பகல் கடற்காற்று எதிரே வீசும்போது விழாது. அதற்காகவே மாதம் இரண்டு முறையாவது மாலையில் ஓடிப் பார்க்கட்டும். காலைப் பயிற்சிக்குப் பதிலாகத்தான், கூடுதலாக அல்ல.

நூறில் நான்கைப் பெரும் சாபமாக நினைக்கிறாள் அல்லவா, அவளிடம் வித்யா ராம்ராஜின் கணக்கைச் சொல்லுங்கள். கோவைப் பெண். 2023 செப்டம்பரில் சண்டிகரில் 55.43 ஓடினார், உஷாவின் தேசிய சாதனையைவிட நூறில் ஒரு நொடி அதிகம். மூன்று வாரம் கழித்து ஹாங்சோ ஆசியப் போட்டியின் ஹீட்ஸில், அதாவது முதல் சுற்றில், அதே 55.42ஐத் தொட்டார். 39 வருடம் யாரும் தொடாத நேரம். மறுநாள் இறுதிப்போட்டியில் ஓடியது 55.68; வெண்கலம். சாதனை ஓட்டத்துக்குப் பதக்கம் இல்லை, அதைவிட 0.26 நொடி மெதுவான ஓட்டத்துக்குப் பதக்கம். ஒரே பெண்ணின் ஓட்டம் நாளுக்கு நாள் இவ்வளவு ஆடும். 64.34ம் 64.38ம் மறுவாரம் இடம் மாறியிருக்கலாம்.

சுவரில் உஷா இருக்கும்போது 1988ஐயும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். குதிகால் காயத்தோடு சியோல் ஒலிம்பிக்குக்குப் போய், முதல் சுற்றோடு வெளியேறினார். இரண்டு வருடத்துக்கு முன் அதே ஊரில் ஆசியப் போட்டியில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றவர். அடுத்த வருடம், 1989ல், டெல்லி ஆசிய சாம்பியன்ஷிப்பில் மீண்டும் நான்கு தங்கம். திறமை எங்கேயும் போய்விடவில்லை, நடுவில் கால் ஒத்துழைக்கவில்லை. உங்கள் மகள் கால் வலியை மறைக்காமல் இருப்பதே நல்ல அறிகுறி. வலியைச் சொன்னதற்காக அவளைத் திட்டினால் அடுத்த முறை சொல்லமாட்டாள்.

மாமியாருக்கு: ஓட்டத்தை நிறுத்தத் தேவையில்லை. பேத்திக்கு இரவுச் சோற்றைப் பரிமாறும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

பள்ளியை விடுவது பற்றி எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை, வேண்டாம். காலையில் ஒரு வேளை, வாரத்தில் ஐந்து நாள், ஒரு முழு ஓய்வுநாள், ஒரு இலகு நாள். இந்த வயது ஹர்டிலருக்கு அது போதும். தூக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது; ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டுமானால் எட்டரைக்கே படுக்கவேண்டும், இதில் மாலைப் பயிற்சிக்கு இடம் எங்கே? உஷாவும் ஓட்டத்தை மட்டும் நம்பி இருக்கவில்லை, தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்தவர். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் உண்டு, அரசு வேலைகளில் மூன்று சதவீத ஒதுக்கீடு உண்டு. இரண்டுக்கும் படிப்பும் விளையாட்டுச் சான்றிதழும் சேர்ந்துதான் பேசும். போட்டிச் சான்றிதழில் இருக்கும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஆதாரோடும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பிழையை மூன்று வருடம் கழித்துத் திருத்தப் போனால் போட்டி நடத்தியவர்களைத் தேடவே முடியாது.

கோச்சிடம் நீங்கள் தனியாகப் போகாதீர்கள், கணவரையும் அழைத்துப் போங்கள். மகளை வைத்துக்கொண்டு பேசவேண்டாம். “எங்க பொண்ணுக்கு டாக்டர் ஓய்வு சொல்லியிருக்காங்க” என்று ரிப்போர்ட்டைக் கையில் கொடுங்கள். அந்த 5.74 கணக்கைக் காட்டுங்கள், மறுகால் பயிற்சிக்கு எட்டு வாரம் கேளுங்கள். நல்ல கோச் என்றால் முதலில் முகம் சுருங்கும், அப்புறம் பேப்பரை வாங்கிப் பார்ப்பார். எடைப் பேச்சு இனி அவளிடம் நேரில் கூடாது, உங்களிடம் மட்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மாதவிலக்குத் தேதியை அவள் பயிற்சி டைரியில் ஒரு புள்ளி வைத்துக் குறித்தால் போதும். டைரி உங்கள் கையில் இருக்கட்டும். அந்தப் புள்ளி வராத மாதம் பயிற்சியின் அளவைக் கூட்டக் கூடாது என்பதை விதியாக வையுங்கள். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்க்கவே மறுத்து, “டாக்டருக்கு ஓட்டத்தைப் பத்தி என்ன தெரியும்” என்று சொல்லும் கோச்சாக இருந்தால் வேறு கோச் பாருங்கள். பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் நாலு நாள் காலையில் போய் உட்கார்ந்தால், யார் பெண்களைத் திட்டாமல் ஓடவைக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

டாக்டர் ஓடலாம் என்று சொன்னபிறகும் நேரே தடைக்குப் போகவேண்டாம். முதல் வாரம் ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை, இதையே எட்டு முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். மறுநாள் காலை எலும்பை அழுத்தி வலி இல்லாவிட்டால்தான் அடுத்த படி. ஸ்பைக்ஸ் எனும் ஆணி வைத்த ஓட்டக் காலணி ஐந்தாவது வாரத்துக்குப் பிறகு. திரும்பி வந்து ஓடும் முதல் போட்டி தடை இல்லாத 400 மீட்டராக இருக்கட்டும்.